ஹாலோவீன் குக்கீ: நாலு வயதுக் கையும் எட்டு வயதுக் கையும்

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். நியூ ஜெர்சியில் இருக்கிறீர்கள். எட்டு வயதில் மகள், நான்கு வயதில் மகன். சென்ற அக்டோபரில் மூவருமாகப் பேய், வௌவால் வடிவத்தில் குக்கீ செய்தீர்கள். வெட்டும்போது பேயாக இருந்தது, ஓவனிலிருந்து வெளியே வந்தபோது தலையும் வாலும் தெரியாத வட்டமாகிவிட்டது. கருப்பு ஐசிங் சாம்பல் நிறத்திலேயே நின்றது. காயாமல் வெள்ளைக்குள் கசியவும் செய்தது. இரவு பத்து மணிக்கு மகன் அழுதுகொண்டே தூங்கினான். இந்த ஆண்டு பரவாத ஒரு செய்முறை வேண்டும், முட்டை இல்லாமலும் முடியுமா, கருப்புச் சாயம் பிள்ளைகளுக்கு ஆகுமா என்று கேட்கிறீர்கள். "பேய்க்கு எதற்குப் பலகாரம்?" என்று உங்கள் மாமியார் கேட்டதையும் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதற்கும் வருகிறேன்.

செய்முறை தருகிறேன். ஆனால் நீங்கள் எழுதியதிலிருந்து பார்த்தால், பழைய செய்முறையில் பெரிய குற்றம் எதுவும் இல்லை. பிசைந்து, தேய்த்து, வெட்டி, சுட்டு, ஆறவைத்து, ஐசிங் பூசி, கண் வாய் வரைந்து, அத்தனையையும் ஒரே மாலையில் முடிக்கப் பார்த்தீர்கள். கோளாறு அங்கேதான். நான் டொரொன்டோவில் பேக்கிங் படித்தவள். ஒரு பேக்கரியின் அலங்காரப் பிரிவில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். அக்டோபர் பிறந்தால் வார இறுதிகளில் குழந்தைகளுக்கு வகுப்பும் எடுக்கிறேன். எங்கள் தொழிலில் அலங்காரக் குக்கீயை யாரும் ஒரே நாளில் முடிப்பதில்லை. மாவு குளிர வேண்டும், குக்கீ முழுவதும் ஆற வேண்டும், ஐசிங் காய ஓர் இரவு வேண்டும். நாலு வயதுப் பிள்ளைக்கோ ஒரு வேலையில் இருபது நிமிடம் உட்காருவதே பெரிது. ஆகவே மூன்று நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: அக்டோபர் 28ஆம் தேதி மாவும் வெட்டுவதும் சுடுவதும், 29 மாலை அடி ஐசிங், 30 மாலை கண்ணும் வாயும். பிள்ளைகளின் பங்கு ஒவ்வொரு நாளும் அரை மணி நேரத்துக்கு மேல் போகாது. ஹாலோவீன் நாளான 31 அன்று உங்களுக்குக் குக்கீ வேலை எதுவும் இருக்கக் கூடாது. வேஷம் மாட்டிவிடவே பொழுது போதாது.

குக்கீ ஏன் பரவுகிறது என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. வெண்ணெய் 32 முதல் 35 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். மாவும் முட்டையும் இறுகி உருவத்தைப் பிடித்துக்கொள்ள அதைவிட அதிகச் சூடு வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் கிடைக்கிற சில நிமிடங்களில்தான் பேய் தன் தலையை இழக்கிறது. குக்கீ எவ்வளவு குளிர்ச்சியாக ஓவனுக்குள் போகிறதோ அவ்வளவு நல்லது. வெட்டிய குக்கீயைத் தட்டோடு பதினைந்து இருபது நிமிடம் ஃப்ரீசரில் வைத்து, எடுத்த கையோடு ஓவனுக்குள் தள்ளுங்கள். முதல் ஈடு எடுத்த சூடான தட்டில் இரண்டாவது ஈட்டை அடுக்காதீர்கள்; ஓவனுக்குள் போகும் முன்பே அடிப்பக்கம் உருகத் தொடங்கிவிடும். வெண்ணெயையும் சர்க்கரையையும் வெளுத்து நுரைக்கும்வரை அடிப்பதும் வேண்டாம். கேக்குக்கு அந்தக் காற்று தேவை, அச்சில் வெட்டும் குக்கீக்கு அது பகை. இரண்டும் கலந்தால் போதும்.

பேக்கிங் பவுடர் விஷயத்தில் பேக்கர்களிடையே ஒருமித்த கருத்து கிடையாது. போடவே கூடாது என்பது என் கட்சி, ஓரம் கூர்மையாக நிற்கும். அரை டீஸ்பூன் போட்டால் கடிக்க மிருதுவாக இருக்கும் என்று சொல்கிற, என்னைவிடக் கைதேர்ந்தவர்களும் இருக்கிறார்கள். கப் அளவு பற்றி மட்டும் எனக்குச் சமரசம் இல்லை. அமெரிக்கச் செய்முறைகளில் ஒரு கப் மைதா என்பது 120 முதல் 125 கிராம். கப்பையே மாவுக்குள் விட்டு அள்ளினால் 140 கிராமுக்கு மேல் போகும். மாவு குறைந்தால் பரவும், கூடினால் உதிரும். ஒரு சமையலறைத் தராசு வாங்கிவிடுங்கள், மகளுக்கும் எடை பார்க்கிற வேலை கிடைக்கும்.

நான் வகுப்பில் பயன்படுத்தும் அளவு இது: உப்பில்லாத வெண்ணெய் 225 கிராம் (அங்கே குச்சி குச்சியாக விற்கிற வெண்ணெயில் இரண்டு), சர்க்கரை 200 கிராம், ஒரு முட்டை, வெனிலா இரண்டு டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், மைதா 400 கிராம். வெண்ணெய் விரலால் அழுத்தினால் குழி விழும் அளவுக்கு இளகியிருந்தால் போதும், பளபளப்பாகியிருந்தால் அது அதிகம். 6 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, 175 டிகிரி செல்சியஸில், அதாவது உங்கள் ஓவன் காட்டுகிற 350 ஃபாரன்ஹீட்டில், ஒன்பதிலிருந்து பதினொரு நிமிடம். ஓரம் லேசாகப் பொன்னிறமாகத் தொடங்கும்போதே எடுத்துவிடுங்கள். நடுப்பகுதி வேகாதது போலத் தோன்றும், தட்டிலேயே இறுகிவிடும்.

முட்டை வேண்டாம் என்றால் இந்தச் செய்முறையில் முட்டையை மட்டும் கழிக்கப் பார்க்காதீர்கள், ஷார்ட்பிரெட் பக்கம் போய்விடுங்கள். ஸ்காட்லாந்துக்காரர்களின் பழைய கணக்கு அது: எடையில் ஒரு பங்கு சர்க்கரை, இரண்டு பங்கு வெண்ணெய், மூன்று பங்கு மாவு. 100, 200, 300 கிராம் என்று எடுத்துக்கொண்டால் ஒரு வீட்டுக்குப் போதும். இயல்பிலேயே முட்டை கிடையாது. சூட்டை மட்டும் 165 டிகிரி செல்சியஸுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. முட்டையில்லாத குக்கீ என்று சிரமப்பட்டுச் செய்துவிட்டு, அதன்மேல் ராயல் ஐசிங்கை, அதாவது காய்ந்து இறுகும் வழக்கமான குக்கீ ஐசிங்கை, பூசினால் முட்டை திரும்ப வந்துவிடும். அந்த ஐசிங்குக்குப் போடும் மெரிங்கு பவுடர் உலர்த்திய முட்டை வெள்ளைக்கருதான். கடையில் விற்கும் மிட்டாய்க் கண்கள், மார்ஷ்மெல்லோ, கேண்டி கார்ன் போன்றவற்றில் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டினோ பூச்சியிலிருந்து எடுக்கும் அரக்கோ இருக்கலாம். வீட்டில் சைவம் முக்கியம் என்றால் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படிக்காமல் வாங்காதீர்கள். மெரிங்கு பவுடருக்கு மாற்றாகக் கொண்டைக்கடலை டின்னில் இருக்கும் நீரைப் பயன்படுத்தலாம். 2014இல் பிரான்ஸைச் சேர்ந்த ஜோயல் ரோஸல், அந்த நீர் முட்டை வெள்ளையைப் போலவே நுரைக்கும் என்று எழுதிய பிறகு முட்டை தவிர்ப்பவர்களிடையே அது வேகமாகப் பரவியது. 450 கிராம் ஐசிங் சர்க்கரைக்கு ஐந்து ஆறு மேசைக்கரண்டி நீர் போதும். காய்வதற்குச் சற்று அதிக நேரம் எடுக்கும், அவ்வளவுதான். உப்பு சேர்க்காத டின்னாகப் பார்த்து வாங்குங்கள்.

முதல் நாளில் பிள்ளைகளின் வேலை தேய்ப்பதும் வெட்டுவதும். மாவைப் பிசைந்து உருண்டையாகக் குளிரவைத்தால் கல்லாகிவிடும்; அப்புறம் அதைத் தேய்க்கப் பெரியவர்களுக்கே தோள் வலிக்கும். பிசைந்த உடனேயே இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவில் வைத்துப் பூரிக்கட்டையால் தேய்க்கச் சொல்லுங்கள். தாளோடு குளிர்பதனப் பெட்டியில் ஒரு மணி நேரம். அதற்குள் அவர்கள் விளையாடிவிட்டு வரலாம். திரும்பி வந்ததும் அச்சை மாவில் தொட்டு வெட்டட்டும், நாலு வயதுக்குப் பிடித்த வேலை அதுதான். நடுவிலிருந்து வெட்டத் தொடங்குவான், பாதி மாவு வீணாகும். மீதியைத் திரட்டி இரண்டாம் முறை தேய்க்கலாம், மூன்றாம் முறை வேண்டாம், கடினமாகிவிடும்.

பச்சை மாவை நக்க விடாதீர்கள். முட்டைக்காக மட்டும் சொல்லவில்லை, ஷார்ட்பிரெட் மாவுக்கும் இது பொருந்தும். கடையில் வாங்கும் மைதா பெரும்பாலும் சூடுபடுத்திக் கிருமி நீக்கப்பட்டதல்ல. 2016இல் அமெரிக்காவில் ஜெனரல் மில்ஸ் நிறுவனம் ஈ.கோலைக் கிருமியால் பெருமளவு மாவைத் திரும்பப் பெற்றது. அடுத்த ஆண்டு கனடாவிலும் ராபின் ஹூட் மாவுக்கு அதே கதி நேர்ந்தது. வீட்டு ஓவனில் மாவை வறுத்துக் கிருமியைக் கொன்றுவிடலாம் என்று காணொளிகளில் சொல்கிறார்கள். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதை நம்ப வேண்டாம் என்கிறது. எல்லாப் பக்கமும் ஒரே சீராகச் சூடு ஏறியதா என்று வீட்டில் உறுதி செய்ய வழியில்லை. நக்கத்தான் வேண்டும் என்று அடம் பிடித்தால் ஐசிங் சர்க்கரையில் ஒரு கரண்டி கொடுத்துவிடுங்கள்.

எந்த உருவத்தை யாருக்குக் கொடுப்பது என்பதுதான் என் அனுபவத்தில் அந்த மாலையின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது. ஹாலோவீனில் நமக்கு ஒரு வசதி உண்டு. கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கோணினால் கோணல் நட்சத்திரம். பேயின் வாய் கோணினால் இன்னும் நல்ல பேய். ஆகவே கோணினாலும் கெடாத உருவங்களாகப் பார்த்துச் சின்னவனுக்குக் கொடுங்கள். முதலிடம் சூனியக்காரி விரலுக்கு. அச்சும் வேண்டாம், ஐசிங்கும் வேண்டாம். மாவை அவன் சுண்டுவிரலைவிடச் சற்றே தடிமனாக உருட்டி, இரண்டு இடத்தில் லேசாகக் கிள்ளி மூட்டு வைத்து, வெண்ணெய்க் கத்தியின் முதுகால் கோடு கீறி, நுனியில் தோல் நீக்கிய பாதாம் ஒன்றை நகமாக அழுத்த வேண்டும். சுடும்போது ஊதும் என்பதால் மெல்லியதாகவே உருட்டுங்கள், இல்லாவிட்டால் கிழவியின் விரல் குஸ்தி வீரன் விரலாகிவிடும். ஆறிய பின் நகத்தைப் பெயர்த்து, ராஸ்பெர்ரி ஜாம் தடவி ஒட்டினால் நகக்கண்ணில் ரத்தம். என் வகுப்பில் மற்ற எல்லா அலங்காரமும் தோற்றுப்போவது இதனிடம்தான். பள்ளி நண்பர்கள் வருவதாக இருந்தால், யாருக்காவது பாதாம் ஒவ்வாமை இருக்கலாம், அதனால் பாதாமுக்குப் பதில் பூசணி விதை வையுங்கள்.

அடுத்து வௌவால். இதில் ஒரு குறுக்கு வழி சொல்கிறேன்: கருப்பு ஐசிங்கே வேண்டாம், மாவையே கருப்பாக்கிவிடுங்கள். கருப்பு கோகோ என்று ஆல்கலி எனும் காரப்பொருளால் நன்றாகப் பதப்படுத்திய ஒரு கோகோ தூள் விற்கிறது. ஓரியோ பிஸ்கட்டின் நிறமும் மணமும் அதிலிருந்து வருபவைதான். முதலில் சொன்ன 400 கிராம் மைதாவில் 50 கிராமை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதைச் சேருங்கள். வெளியே வருவது கரிய வௌவால். இரண்டு புள்ளி கண் வைத்தால் முடிந்தது. வெந்துவிட்டதா என்று நிறம் காட்டிக்கொடுக்காது என்பதுதான் சிக்கல். ஓரத்தை விரலால் தொட்டுப் பாருங்கள், குழி விழாமல் நின்றால் எடுத்துவிடலாம்.

பேய்க்கென்று தனி அச்சு வாங்க வேண்டாம். டூலிப் பூ அச்சைத் தலைகீழாகப் பிடித்தால் இதழ் நுனிகள் பேயின் கிழிந்த பாவாடையாகிவிடும். அலங்காரக் குக்கீக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த பழைய தந்திரம் அது. இஞ்சி ரொட்டி மனிதன் அச்சு வீட்டில் இருந்தால் அதில் துணி சுற்றிய எகிப்திய மம்மி செய்யலாம்: வெள்ளைக் கோடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்து நடுவில் இரண்டு கண். மகளுக்குச் சிலந்தி வலையைக் கொடுங்கள். வட்டக் குக்கீயில் வெள்ளை ஐசிங்கைப் பரப்பி, அது ஈரமாக இருக்கும்போதே கருப்பால் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வட்டம் போட்டு, பல்குத்தும் குச்சியால் மையத்திலிருந்து வெளிப்பக்கமாக இழுக்க வேண்டும். மேல்படலம் இறுகும் முன் ஓரிரு நிமிடத்தில் முடிக்க வேண்டிய வேலை. எட்டு வயதுக்கு அது பிடிக்கும், நாலு வயதுக்கு அது அழுகை.

ஐசிங்குக்கு வருவோம். 450 கிராம் ஐசிங் சர்க்கரை, மூன்று மேசைக்கரண்டி மெரிங்கு பவுடர், ஐந்து ஆறு மேசைக்கரண்டி வெதுவெதுப்பான தண்ணீர். பச்சை முட்டை வெள்ளை வேண்டாம், சால்மொனெல்லா கிருமி ஆபத்துக்கு இடம் கொடுப்பானேன். ஓரம் கட்ட ஒரு பதம், உள்ளே நிரப்ப ஒரு பதம் என்று இரண்டு செய்வது எங்கள் வழக்கம். பிள்ளைகளோடு செய்யும்போது ஒரே பதம் போதும். கிண்ணத்தில் கத்தியால் ஒரு கோடு கிழித்து எண்ணுங்கள். கோடு மறைய பதினைந்து முதல் இருபது நொடி ஆனால் சரி. பத்துக்குள் மறைந்தால் ஓரத்தைத் தாண்டி வழியும். அதை ஜிப் பையில் ஊற்றி, வாயைக் கட்டி, மூலையில் ஊசிமுனை அளவு வெட்டிக் கொடுத்துவிடுங்கள். மருதாணி கோன் பிடிப்பது போலத்தான், உங்கள் கைக்கு அது முதல் நிமிடத்திலேயே வந்துவிடும். மகளுக்குச் சொல்லித்தர அது போதும். சின்னவனிடம் பையைக் கொடுத்தால் இரு பக்கமும் பிதுங்கும். ஒரு சிறு தூரிகையும் கிண்ணமும் கொடுத்துவிடுங்கள்.

கசிவு பற்றிக் கேட்டீர்கள். அடி வெள்ளை முழுவதும் காய்வதற்குள் கருப்பு வைத்தால் கசியத்தான் செய்யும். எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் திறந்த தட்டில் விடுங்கள். மேலே மின்விசிறிக் காற்று படும்படி வைத்தால் சீக்கிரம் காயும், பளபளப்பும் நிற்கும். குளிர்பதனப் பெட்டியில் வைப்பது உதவாது. வெளியே எடுத்ததும் வியர்த்துச் சாயம் ஓடும்.

கருப்பு சாம்பலாக நின்றதற்குக் காரணம், வெள்ளையில் நேராகக் கருப்பைச் சேர்த்ததும் உடனே பயன்படுத்தியதும். ஐசிங்கில் முதலில் இரண்டு மேசைக்கரண்டி கோகோ சேர்த்துப் பழுப்பாக்கி, அப்புறம் ஜெல் சாயம் சேருங்கள். சாயமும் பாதியளவே பிடிக்கும். அடர்சாம்பல் வந்ததும் நிறுத்தி, மூடி ஓர் இரவு வைத்தால் காலையில் தானாகக் கருத்திருக்கும். தண்ணீர்ச் சாயத்தால் கருப்பு வராது, ஐசிங் நீர்த்துப்போவதுதான் மிச்சம்.

அந்தச் சாயம் பிள்ளைகளுக்கு ஆகுமா என்ற கேள்வியில், தெரிந்ததையும் விவாதத்தில் இருப்பதையும் பிரித்துச் சொல்கிறேன். நான் மருத்துவர் அல்ல என்பதையும் மனதில் வைத்துப் படியுங்கள். கருப்பு ஜெல் என்பது பெரும்பாலும் சிவப்பு, மஞ்சள், நீலச் செயற்கைச் சாயங்களின் கலவை. 2007இல் சவுத்தாம்டன் பல்கலைக்கழகத்தினர் மூன்று வயதுக் குழந்தைகளிடமும் எட்டு, ஒன்பது வயதுக் குழந்தைகளிடமும் நடத்திய ஆய்வு 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. சாயக் கலவையும், பண்டம் கெடாமல் காக்கும் சோடியம் பென்சோவேட்டும் சேர்ந்த பானம் சில குழந்தைகளின் துறுதுறுப்பைச் சற்றே கூட்டியதாக அது சொன்னது. கலவையாகக் கொடுத்ததால் எந்தச் சாயம் காரணம் என்று அதிலிருந்து பிரிக்க முடியாது. எல்லாக் குழந்தைகளிடமும் விளைவு ஒன்றாகவும் இல்லை. அதன் பின் ஐரோப்பிய ஒன்றியம் 2010 முதல் ஆறு சாயங்களுக்கு எச்சரிக்கை வாசகத்தைக் கட்டாயமாக்கியது. 2011இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழுவோ, காரண காரியத் தொடர்பு நிறுவப்படவில்லை என்றது. 2024இல் கலிபோர்னியா, பள்ளி உணவில் ஆறு சாயங்களைத் தடைசெய்யச் சட்டம் இயற்றியது. ஆக, இது இன்னும் தீராத வழக்கு. ஆண்டுக்கு ஒரு நாள் இரண்டு குக்கீயில் இருக்கும் அளவுக்கு நான் கவலைப்பட மாட்டேன். உங்கள் பிள்ளைக்கு ஏற்கெனவே ஏதேனும் ஒவ்வாமையோ கவனக்குறைபாட்டுச் சிகிச்சையோ இருந்தால் அவர்களுடைய மருத்துவரைக் கேளுங்கள். பல், உதடு கறுக்கும். மறுநாள் மலம் பச்சையாக வந்தாலும் பதற வேண்டாம், சாயம்தான். ஆரஞ்சு நிறத்துக்கு மஞ்சள்தூள் ஒரு சிட்டிகையும் பப்ரிகா அரைச் சிட்டிகையும் போதும், ருசி தெரியாது.

கவலைப்பட வேண்டிய இடம் வேறு: மினுக்குத் தூள். கடையில் 'நச்சற்றது' என்று எழுதியிருக்கும் மினுக்குத் தூளுக்கு, உண்ணலாம் என்று பொருள் கிடையாது. 2018இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் அப்படியொரு தூள் பூசிய பிறந்தநாள் கேக்கைத் தின்ற ஆறு குழந்தைகள் வாந்தியும் வயிற்றுப்போக்குமாக அவதிப்பட்டார்கள். தூளில் செம்பு இருந்தது. உண்ணத்தக்கது என்ற சொல்லும் உட்பொருள் பட்டியலும் இருந்தால் மட்டுமே வாங்குங்கள். கருப்புக்காகக் கரித்தூள் சேர்ப்பதும் வேண்டாம். செயலூட்டிய கரி, வயிற்றில் இருக்கும் மருந்துகளை உறிஞ்சிக்கொள்ளும். சின்ன மிட்டாய்க் கண்கள் நாலு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத் தொண்டையில் சிக்கலாம், விருந்துக்குக் கைக்குழந்தைகள் வருவதானால் கண்ணை ஐசிங்கில் வரைந்துவிடுங்கள்.

உங்கள் மாமியாரின் கேள்வி எனக்குப் பிடித்திருக்கிறது. பேய்க்கு அல்ல, செத்தவர்களுக்காகப் பலகாரம் என்பது மேலைநாட்டிலேயே பழைய வழக்கம்தான். நவம்பர் 2, கத்தோலிக்க நாட்காட்டியில் இறந்தோர் அனைவரின் நாள். இங்கிலாந்தில் அதையொட்டி மசாலாப் பொருள் சேர்த்த சிறு ரொட்டிகளைச் சுட்டு, மேலே சிலுவைக் கோடு கீறி, வீடுவீடாக வரும் ஏழைகளுக்கும் சிறுவர்களுக்கும் கொடுப்பார்கள்; வாங்கியவர்கள் அந்த வீட்டின் இறந்தவர்களுக்காக வேண்டிக்கொள்வார்கள். ஆன்மா ரொட்டி என்பது அதன் பெயர். இன்று குழந்தைகள் வேஷம் போட்டு மிட்டாய் கேட்பது நேரே இதிலிருந்து வந்ததா, அயர்லாந்தின் சம்ஹைன் விழாவிலிருந்து வந்ததா, இரண்டும் கலந்ததா என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை. ஆன்மா ரொட்டி இருந்தது என்பது மட்டும் உறுதி என்று சொல்லுங்கள், அவருக்கு அது போதும் என்று நினைக்கிறேன்.

இந்தக் குக்கீகளை வாசலுக்கு வரும் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். முன்பின் தெரியாத வீட்டுப் பலகாரத்தைப் பெற்றோர் குப்பையில் போட்டுவிடுவார்கள். முகம் தெரியாதவர்கள் மிட்டாயில் விஷம் வைத்துக் குழந்தைகளைக் கொன்றதற்குச் சான்று இல்லை என்று சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட் பல ஆண்டுகள் தேடிச் சொன்னபோதும் அந்தப் பயம் போகவில்லை. ஒவ்வாமை பயமோ நியாயமானதே. வாசலுக்குக் கடைப் பொட்டலம் வாங்கி வையுங்கள். பள்ளிக்கு அனுப்புவதானால் முதலில் ஆசிரியரைக் கேளுங்கள், வீட்டுப் பண்டத்தை ஏற்காத பள்ளிகள் நிறைய. வீட்டில் மிஞ்சுவது, ஐசிங் நன்றாகக் காய்ந்திருந்தால், காற்றுப் புகாத டப்பாவில் பட்டர் பேப்பர் இடையிட்டு அடுக்கி இரண்டு வாரம் வரை வைக்கலாம். ஜாம் வைத்த விரல்கள் மட்டும் இரண்டு நாளில் நமுத்துவிடும், அவற்றை முதலில் தின்றுவிடுங்கள்.